எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் நாலு

நடு நாற்காலியில் அமர்ந்து நம் சங்கத்தை நடுவழியில் நிற்காமல் நடத்திக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே. கடை வைத்துக் காலூன்றி, காலூன்றிய பின்னும் கடையை விட்டு எழ மனமில்லாத மூத்த வணிகப் பெருமக்களே. எங்கள் கோபத்தையும் எங்கள் கொட்டாவியையும் ஒரே முகத்தோடு பொறுத்துக்கொண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே. ஏழு அடுக்கையும் எங்கள் மூளைக்குள் ஏற்றிய பயிற்சி ஆசிரியை அவர்களே. கம்பி இழுத்துக் கை காய்த்துப்போன என் கடைத் தோழர்களே. மூன்றாவது நாற்காலியில் அமர்ந்து, நான் மைக்கைப் பிடித்ததிலிருந்து கூரையையே பார்த்துக்கொண்டிருக்கும் என் சகலை அவர்களே. உங்கள் எல்லோருக்கும் தலை தாழ்த்திய வணக்கம்.

கேட்கிறதா? பின்னால் கேட்கிறதா? கேட்கவில்லை என்று கையைத் தூக்குகிறார் ஒருவர். ஐயா, கேட்கவில்லை என்றால் நான் கேட்டது உங்களுக்கு எப்படிக் கேட்டது? சரி, சிரித்துவிட்டீர்கள். இணைப்பு கிடைத்துவிட்டது. தொடங்குகிறேன்.

அப்பாடா.

இதுதான் இன்று நான் பேச வந்த பேச்சின் முதல் சொல். முடிக்கும்போதும் இதையேதான் சொல்வேன். தேர்வில் தேறியவனின் பெருமைப் பேச்சை எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னியுங்கள். பெருமை எனக்கு இல்லை. எனக்கு இருப்பது நிம்மதி. மழைக்கு முன்னால் சரக்கை உள்ளே ஏற்றி முடித்தவன், ஷட்டரை இறக்கிவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்று ஒரு மூச்சு விடுவானே, அந்த மூச்சு.

என்ன தேர்வு, ஏன் இத்தனை மூச்சு என்று கேட்கலாம். எங்கள் வியாபாரம் கம்பியும் பெட்டியும். அலுவலகத்துக்கு அலுவலகம், மேசைக்கு மேசை, கணினியையும் கணினியையும் கைகோக்க வைக்கிற கேபிள், சுவிட்ச், ரூட்டர். விற்பது ஒரு பாதி. கொண்டுபோய் மாட்டிக்கொடுப்பது மறுபாதி. அந்த மறுபாதிக்கு ஒரு புது விதி வந்தது. நெட்வொர்க் அமைத்துக் கொடுக்கிற கடைக்கு உரிமம் வேண்டும். உரிமம் வேண்டுமென்றால் தேர்வு எழுத வேண்டும். யார்? கடையில் வேலை செய்யும் படித்த பிள்ளைகளா? இல்லை. கடை யார் பெயரில் இருக்கிறதோ, அவர். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் கடையில் பெட்டி விற்கலாம்; பெட்டியைத் திறக்க முடியாது.

திறக்க முடியாது என்றால் என்ன பொருள்? அதோ நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என் கடைக் கம்பிக்காரர்கள். கூரைக்கும் அதன் கீழே அடித்த பொய்க்கூரைப் பலகைக்கும் நடுவில் படுத்தபடியே ஊர்ந்துபோய்க் கம்பியை அந்தப் பக்கம் எடுப்பவர்கள். நான் தவறினால் அவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நான் படிக்காததற்கு அவர்கள் பட்டினி கிடப்பதா? இந்த ஒரு கேள்விதான் என்னை இந்த வயதில் பெஞ்சில் உட்கார வைத்தது.

பயிற்சி வகுப்புக்குப் போனேன். கதவைத் திறந்தேன். முதல் பெஞ்சில் யார்? என் சகலை.

இந்த இடத்தில் தாய்மார்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தங்கையை மணந்தவர் அவர். திருமணமான புதிதில் என் கடைக்குத்தான் தொழில் பழக வந்தார். எந்தக் கம்பி எதற்கு, எந்தப் பெட்டி எந்தத் தட்டில் என்று எல்லாம் என்னிடம்தான் பழகினார். கையும் சுத்தம், கணக்கும் சுத்தம். ஒருநாள் காலையில் நான் கடையைத் திறக்கிறேன். எதிரே ஏணி போட்டுப் பலகை மாட்டுகிறார்கள். அதே கம்பி, அதே பெட்டி, அதே வியாபாரம். பலகையில் அவர் பெயர். ஒரு வார்த்தை எனக்குச் சொல்லவில்லை. கடை போட்டது குற்றமா? இல்லை, தெரு எல்லோருக்கும் பொது. எனக்குப் போட்டி வந்ததா? வந்தது, போட்டி வந்த பிறகுதான் நான் கடைக்கு வெள்ளையடித்தேன். வலித்தது வேறு. எனக்குச் செய்தி பலகையிலிருந்து வந்தது; அவர் வாயிலிருந்து வரவில்லை.

அன்றிலிருந்து பேச்சில்லை. தெருவின் இந்தக் கரையில் நான், அந்தக் கரையில் அவர். அக்காவும் தங்கையும் மட்டும் தினமும் போனில் பேசிக்கொள்வார்கள். எங்கள் இரண்டு கடைகளுக்கும் நடுவில் இருந்த ஒரே இணைப்பு அதுதான்.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

ஆசிரியை அம்மையார் பலகையில் ஏழு கட்டங்கள் போட்டார். மேலிருந்து கீழே எழுதினார். அப்ளிகேஷன், பிரசன்டேஷன், செஷன், டிரான்ஸ்போர்ட், நெட்வொர்க், டேட்டா லிங்க், பிசிக்கல். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி போக வேண்டுமானால், இந்த ஏழு அடுக்கிலும் இறங்கி, கம்பியில் ஓடி, அந்தப் பக்கத்தில் ஏழு அடுக்கிலும் ஏற வேண்டும் என்றார். எனக்கு முதல் கேள்வியே அங்கே வந்தது. நேராகப் போனால் என்ன? எதற்கு ஏழு பேர் கை மாற வேண்டும்? தரகர் இல்லாத வியாபாரம் நல்ல வியாபாரம் என்று நம்பி வளர்ந்தவன் நான். ஏழு தரகரைக் கண்டதும் எனக்கு எரிச்சல் வந்தது.

எரிச்சலோடு படித்தால் ஏறுமா? ஏறவில்லை. பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ள நானே ஒரு வாக்கியம் கட்டினேன். முதல் எழுத்துகளை வைத்து. சிரிக்கக் கூடாது. "அண்ணன் பிடித்த செம்மறி டிரம்முக்குள் நெளிந்து டேபிளுக்கடியில் பிழைத்தது."

சிரிக்கக் கூடாது என்றேன்.

இதை நான் காலையில் பல் துலக்கும்போது சொல்வேன், ஷட்டர் தூக்கும்போது சொல்வேன், சோற்றுக்கு முன்னால் சொல்வேன். என் மனைவி ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏங்க, அந்த ஆடு எதுக்கு டிரம்முக்குள்ள போச்சு?"

"அது டிரம் இல்ல. டிரான்ஸ்போர்ட்."

"அப்ப ஆடு?"

செம்மறி ஞாபகம் இருந்தது. செஷன் ஞாபகம் இல்லை. அதைவிட மோசம், இரண்டு 'பி' இருந்தன. பிடித்தது எது, பிழைத்தது எது? பிரசன்டேஷன் மேலேயா, பிசிக்கல் மேலேயா? முதல் தேர்வில் பிசிக்கலைத் தூக்கி மேலே வைத்தேன். கம்பியைக் கொண்டுபோய்க் கூரையில் வைத்துவிட்டு, கட்டடத்தை அதன்மேல் தொங்கவிட்டேன். தவறினேன். சகலை ஏழு பெயரையும் வாய்ப்பாடு போல் ஒப்பிப்பார். ஆனால் எந்த அடுக்கு எந்த வேலை செய்கிறது என்று கேட்டால் மறுபடியும் வாய்ப்பாட்டையே சொல்வார். அவரும் தவறினார். எனக்கு அதில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. மேடையில் பொய் சொல்லக் கூடாது, ஆகவே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது வாய்ப்பில் எழுத்துத் தேர்வுக்குப் பதில் செய்முறைத் தேர்வு வைத்தார்கள். இருவர் இருவராக எழுத வேண்டும். இரண்டு அறைகள், நடுவில் சுவர். இந்த அறையில் ஒரு கணினி, அந்த அறையில் ஒரு கணினி, நடுவில் பெட்டிகள். எங்கேயோ ஒரு கோளாறைத் தேர்வாளர் ஒளித்து வைத்திருப்பார். இருவரும் சேர்ந்து கண்டுபிடித்து, இந்தத் திரையிலிருந்து அந்தத் திரைக்கு ஒரு செய்தியை அனுப்பிக் காட்ட வேண்டும். தேறினால் இருவரும். தவறினால் இருவரும்.

யாருக்கு யார் ஜோடி என்று கடை முகவரியைப் பார்த்துப் போட்டார்கள். என் கடைக்கு மிக அருகில் இருக்கிற கடை எது?

ஆமாம் அம்மா, நீங்கள் தலையில் கை வைத்தீர்களே, அன்று நானும் அப்படித்தான் வைத்தேன்.

பேசிக்கொள்ள இரண்டு அறையிலும் போன் வைத்திருந்தார்கள். எடுத்தேனா? எடுக்கவில்லை. அவர் எடுத்தாரா? அவரும் எடுக்கவில்லை. அவர் கூப்பிடட்டும் என்று நான். நான் கூப்பிடட்டும் என்று அவர். கடைசியில், மேற்பார்வைக்கு நின்றவரிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தேன். "மூன்றில் கோளாறு. உங்கள் பக்கம்." அவ்வளவுதான். மூன்று என்றால் நெட்வொர்க். முகவரி பார்த்து வழி சொல்லும் அடுக்கு. அவர் கணினிக்குத் தப்பான முகவரி கொடுத்து வைத்திருந்தார்கள். நம் தெருவில் இருந்துகொண்டு பக்கத்துத் தெரு முகவரியைச் சொல்கிறவரைப் போல. நான் சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன். அவர் திருத்தினால் போதும். காத்திருந்தேன். மணி அடித்தது. அவர் கடைசிவரை செஷனையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நான் என்ன நினைத்திருப்பேன்? வேண்டுமென்றே செய்தார் என்று நினைத்தேன். அவர் என்ன நினைத்தார்? தப்பான எண்ணைக் கொடுத்து நான் கவிழ்த்துவிட்டேன் என்று நினைத்தார். இரண்டு வீட்டிலும் அன்று சோறு இறங்கவில்லை. இனி ஒரே ஒரு வாய்ப்பு.

ஆசிரியை எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். பள்ளிக்கூடத்தில் அடித்துக்கொண்ட பிள்ளைகளைப் போல எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சார், மூணுன்னு எழுதுனீங்களே, எங்கிருந்து எண்ணுனீங்க?"

"கீழ இருந்து மேடம். முதல் தேர்வுல தவறினப்ப நீங்கதானே என்கிட்ட கீழ இருந்துதான் எண்ணணும்னு சொன்னீங்க."

"நீங்க சார்?"

சகலை ஆசிரியையைப் பார்த்துச் சொன்னார். "மேல இருந்து மேடம். எங்க தொழில்ல மேல் தட்டுதான் ஒண்ணு."

"யாரு சொன்னது?"

அவர் என் பக்கம் விரலை நீட்டினார்.

பெரியோர்களே, உண்மைதான். என் கடையில் தட்டுகளை மேலிருந்துதான் எண்ணுவோம். சரக்கு சரிபார்க்க ஏணியில் ஏறுகிறவர் மேலே தொடங்கிக் கீழே இறங்குவார். ஆகவே மேல் தட்டு ஒன்று, தரைத் தட்டு ஏழு. உலகம் எப்படி எண்ணினால் எங்களுக்கு என்ன? என் கடையில் பழகிய எவரும் அப்படித்தான் எண்ணுவார்கள். அவருக்கு அந்த எண்ணிக்கையைக் கற்றுக்கொடுத்தது யார்? நான். முதல் தேர்வில் தவறிய பிறகு நான் மாற்றிக்கொண்டேன். மாற்றிக்கொண்டதை அவருக்குச் சொன்னேனா? எப்படிச் சொல்வேன், பேச்சுத்தான் இல்லையே. கீழிருந்து மூன்று நெட்வொர்க். மேலிருந்து மூன்று செஷன். நான் சொன்னதைத்தான் அவர் செய்திருக்கிறார். நான் என்றோ சொன்னதை.

ஆசிரியை தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நாலு மட்டும்தான் சார் ரெண்டு பேருக்கும் பொது. டிரான்ஸ்போர்ட். எந்தப் பக்கத்துல இருந்து எண்ணினாலும் நாலு. கோளாறு அங்க இருந்திருந்தா தப்பிச்சிருப்பீங்க."

பிறகு கேட்டார். "அது சரி, ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா? தெருவுல ஒரு அவசரம்னா என்ன பண்ணுவீங்க?"

"வீட்டுல சொல்லி அனுப்புவோம்" என்றேன்.

"எப்படி?"

சொன்னேன். அதற்கு முந்தின வாரம்தான் நடந்தது. அவருடைய சரக்கு வண்டி என் கடை வாசலை மறித்து நின்றது. நான் மனைவிக்குப் போன் செய்தேன். "அந்த ஆளோட வண்டிய எடுக்கச் சொல்லு. இல்லேன்னா டயர்ல காத்தப் புடுங்கிடுவேன்." என் மனைவி உடனே சொல்லிவிடவில்லை. தங்கை சாப்பிட்டு முடிக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டார். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று விசாரித்துப் பேச்சைத் திறந்தார். பிறகு சொன்னார். "உங்க அத்தான், கடை வாசல்ல கொஞ்சம் வெயில் பட்டா நல்லா இருக்கும்னு நினைக்கிறாரு. கேட்டியா?" "கேட்டேன்கா." "வெள்ளை வண்டி. கேட்டியா?" "கேட்டேன்கா." பேச்சை மூடினார்.

"அந்தப் பக்கம் என்ன ஆச்சு?" என்று ஆசிரியை சகலையைக் கேட்டார்.

அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "எங்க வீட்டுல என்கிட்ட வந்து, ஏங்க, டயர்ல காத்து இருக்கணும்னா உடனே வண்டிய எடுங்கன்னு சொன்னாங்க."

நான் ஆடிப்போனேன். என் மனைவி காற்றைப் பற்றி வாயே திறக்கவில்லையே. "அது எப்படித் தெரிஞ்சுது?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

அவர் மேசையைப் பார்த்துச் சொன்னார். "அக்கா எவ்வளவு இனிப்பா பேசுறாங்களோ, அவ்வளவு காரமா அங்கிருந்து வந்திருக்குன்னு எங்க வீட்டுல கணக்கு."

ஆசிரியை சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்து, பலகையில் இரண்டு ஏணி வரைந்தார். "சார், நீங்க ரெண்டு பேரும் பாடத்தை வாழ்ந்துக்கிட்டே இருந்திருக்கீங்க, படிக்கத்தான் இல்ல" என்றார்.

அன்று எனக்கு அந்த ஏழு அடுக்கும் ஏறியது. ஏறியது மட்டுமா, இறங்கவே இல்லை. என் மனதில் இருக்கும் காரியம், வண்டியை எடுக்க வேண்டும் என்பது, அது அப்ளிகேஷன். அதை எடுத்து, அனுப்பத்தக்க உருவமாக மாற்றினாரே என் மனைவி, அது பிரசன்டேஷன். மறுமுனையில் தங்கை அதைப் பிரித்துப் பழைய உருவத்துக்கே கொண்டுவந்தாரே, அதுவும் பிரசன்டேஷன். நேரம் பார்த்துப் பேச்சைத் திறந்து, பேச்சு அறுபடாமல் பார்த்து, முறையாக மூடினாரே, அது செஷன். துண்டு துண்டாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கேட்டியா, கேட்டியா என்று உறுதி வாங்கினாரே, கேட்கவில்லை என்றால் மறுபடி சொல்லியிருப்பாரே, அது டிரான்ஸ்போர்ட். யார் வீட்டு எண்ணுக்குப் போக வேண்டும், எந்த வழியில் போக வேண்டும் என்பது நெட்வொர்க். இந்தக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குப் பத்திரமாகக் கைமாற்றுவது டேட்டா லிங்க். கம்பியில் ஓடுகிற துடிப்பு பிசிக்கல். ஏழும் வந்துவிட்டதா? செம்மறி இல்லாமல் வந்துவிட்டதா?

அப்போது சகலை ஒரு சந்தேகம் கேட்டார், ஆசிரியையிடம்தான். "மேடம், இன்னொரு புத்தகத்துல நாலு அடுக்குதான்னு போட்டிருக்கே?"

அதுவும் சரிதான் என்றார் ஆசிரியை. ஏழு என்பது புரிந்துகொள்ளப் போட்ட கணக்கு. இணையம் ஓடுகிற நடைமுறைக் கணக்கு நாலு. மேல் மூன்று அறைகளின் சுவரை இடித்து ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள், கீழ் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்றார். எனக்கு அது உடனே விளங்கியது. என் வீட்டில் எனக்கு என்ன வேண்டும் என்று தீர்மானிப்பதும் என் மனைவி, அதை அழகாகச் சொல்வதும் அவர், நேரம் பார்ப்பதும் அவர். மேல் மூன்றும் ஒரே ஆள். நடைமுறை அப்படித்தான் இருக்கும். தாய்மார்கள் கை தட்டுகிறீர்கள். ஆண்கள் தட்டவில்லை. பரவாயில்லை, ஒரு பக்கம் கிடைத்தாலும் போதும்.

மூன்றாவது தேர்வு நாள் வந்தது. கடைசி வாய்ப்பு. கம்பிக்காரர்கள் தேர்வுக்கூட வாசல்வரை வந்து நின்றார்கள். அவர்கள் வந்து நின்றதே என் முதுகில் சுமையாக ஏறியது.

அதே இரண்டு அறைகள். அதே சுவர். நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் இணைப்பு இல்லை என்று காட்டியது. போனைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. துண்டுச் சீட்டு இந்த முறை கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். எடுப்பதா, காத்திருப்பதா? என்ன இருக்கிறது அந்தப் போனில், தூக்க முடியாத பாரமா? கடைக்கு வரும் கம்பிச் சுருளைத் தோளில் தூக்கி வளர்ந்தவன் நான். அதை எடுக்கக் கை வரவில்லை.

போன் மணி அடித்தது. அந்தப் பக்கம் அவர் எடுத்துவிட்டார்.

"ஹலோ" என்றார்.

"ம்" என்றேன்.

பிறகு அவரே சொன்னார். "நம்பர் வேண்டாம். பேர் சொல்லியே பாத்துடலாம். கீழ இருந்து போலாமா?"

"போலாம்."

"பிசிக்கல். கேபிள் மாட்டியிருக்கான்னு பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. "கம்பி வியாபாரிகிட்டயே கேபிள் மாட்டியிருக்கான்னு கேக்கறியா? மேல போ. அட்ரஸைப் பாரு."

முகவரி பார்த்தோம். சரியாக இருந்தது. அதற்கு மேலே போனோம். இரண்டு பக்கமும் தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சட்டை முதுகில் ஒட்டியது. வாசலில் நிற்பவர்கள் கண்ணுக்குள் வந்தார்கள். அப்போது அவர் குரல் மாறியது.

"அண்ணே" என்றார்.

எத்தனை வருடங்கள் ஆயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஒரே ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. எங்க பக்கத்துல லைட் எரியுது. உங்க பக்கத்துல எரியுதா?"

குனிந்தேன். கணினியின் பின்புறம் ஒளிவிட வேண்டிய சிறு விளக்கு இருண்டு கிடந்தது. கேபிள் துளைக்குள் இருந்தது. ஆனால் முழுதாக இறங்கவில்லை. பார்வைக்கு மாட்டியது போல் இருக்கும், மாட்டியிருக்காது. அதைத்தான் ஒளித்து வைத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுதும் கம்பி விற்றவன் காலடியில். அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பச்சை விளக்கு எரிந்தது.

"எரியுது தம்பி" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. கேபிள் இல்லாமலே வந்திருக்கும், அவ்வளவு பெரிய மூச்சு.

ஆனால் தேர்வு இன்னும் முடியவில்லை. ஒரு திரையிலிருந்து மறு திரைக்கு ஒரு செய்தி போக வேண்டும். போய்ச் சேர்ந்ததற்குப் பதில் வர வேண்டும். என்ன செய்தி என்று விதி சொல்லவில்லை. எல்லோரும் 'சோதனை' என்றோ 'வணக்கம்' என்றோ அனுப்புவார்களாம். அனுப்ப வேண்டியது அவர் பக்கம். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வாளர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். எழுத்துகள் வந்தன.

"அண்ணே, எதிர்ல ஒரு கடை போடலாம்னு இருக்கேன். உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் பலகை மாட்டணும்னு வந்தேன். ரெண்டு நாள் உங்க கடை வாசல்வரைக்கும் வந்து, வாய் வராம திரும்பிட்டேன்."

சபையோரே, கம்பியில் ஓடும் செய்தி வழியில் தொலைந்துபோகுமாம். தொலைந்தால் டிரான்ஸ்போர்ட் என்ன செய்யும்? கைவிட்டுவிடுமா? கோபித்துக்கொள்ளுமா? மறுமுனையிலிருந்து வந்து சேர்ந்தது என்று பதில் வராதவரை, மறுபடி அனுப்பும். மறுபடி, மறுபடி அனுப்பும். அது நாலாவது அடுக்கின் வேலை. பலகை மாட்டிய அன்று எனக்கு வந்திருக்க வேண்டிய செய்தி, வழியில் எங்கோ தொலைந்து, தெருவின் அந்தக் கரையிலேயே காத்திருந்து, அன்று அந்த அறையில் வந்து சேர்ந்தது.

தேர்வாளர் கேட்டார். "சார், பதில் அனுப்பணும். நேரம் ஆகுது."

ஒரு சொல்தான் அடித்தேன்.

"கிடைச்சுது."

தேறிவிட்டோம். இருவரும்.

வாசலுக்கு வந்தேன். கம்பிக்காரர்கள் என் முகத்தைப் படித்தார்கள். அவர்களுக்கு அடுக்கெல்லாம் தேவைப்படவில்லை. ஒருவர் மட்டும், "அப்ப நாளைக்கு வேலைக்கு வரலாமா?" என்று கேட்டார். "சீக்கிரமே வாங்க" என்றேன். அப்பாடா என்றது நான் இல்லை, அவர்கள்தான். நான் அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

இப்போது நாங்கள் நேராகப் பேசுகிறோம். பேசத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இரண்டு சண்டை. அதே வண்டி, அதே வாசல். மாலையில் வீட்டுக்குப் போனால் என் மனைவி கேட்டார்.

"நேரா பேசிட்டீங்களாக்கும்?"

"பேசிட்டேன்."

"டயர் பத்தியும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"இதுக்குத்தாங்க நடுவுல நாங்க இருந்தோம்" என்று சொல்லிவிட்டு, தங்கைக்குப் போன் போட்டார்.

ஆகவே அன்பர்களே, தேர்வு எழுதப் போகிற வணிகத் தோழர்களே, உங்களுக்கு ஒரு வியாபாரியின் பேச்சாகச் சொல்கிறேன். அடுக்குகளைப் பழியாதீர்கள். நான் ஏழு தரகர்கள் என்று நினைத்தேன்; அவர்கள் ஏழு பொறுப்பாளர்கள். பெயரை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். பெயர் ஆட்டுக்குட்டி போல் ஓடிவிடும், வேலை ஓடாது. கோளாறு வந்தால் கீழிருந்து பாருங்கள். அண்ணாந்து ஆகாயத்தைத் தேடுவதற்கு முன் குனிந்து கம்பியைப் பாருங்கள். குனிய வெட்கப்படாதீர்கள். எண்ணைச் சொல்லும்போது எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னேன் என்று நினைப்பது சொன்னது ஆகுமா? அனுப்பினேன் என்பது போய்ச் சேர்ந்தது ஆகுமா? ஆகாது. மறுமுனையில் ஒருவர் 'கிடைச்சுது' என்று சொல்லும்வரை எந்தச் செய்தியும் பாதி வழியில்தான் நிற்கிறது. உங்கள் எதிர்க்கரையிலும் யாராவது ஒருவர் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கலாம். அனுப்பிவிடுங்கள். பெரிய சொல் அல்ல அது.

எங்கள் கைகளைக் கம்பியோடும் கம்பியை வாழ்க்கையோடும் சேர்த்துக் கட்டிய ஆசிரியைக்கு நன்றி. மேல் மூன்று அடுக்கையும் சம்பளம் வாங்காமல் நடத்திய அக்கா தங்கை இருவருக்கும் நன்றி. வாசலில் நின்ற தோழர்களுக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி.

என் சகலை இப்போது கூரையிலிருந்து கண்ணை இறக்கிவிட்டார். தம்பி, இவ்வளவு நேரம் பேசினேனே, கேட்டுதா?

தலையை ஆட்டுகிறார். வாயால் சொல்லுங்கள், சபைக்குக் கேட்கட்டும்.

"கிடைச்சுதுண்ணே."

அப்பாடா. வருகிறேன், வணக்கம்.